கணக்கு தப்பிய குரங்கும் அதன் கையும்

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவை, வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தி எழுத்தில் தந்திருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் குரங்குகளைப் பத்தி. மொட்டை மாடியில காயப்போட்ட வத்தலைத் தூக்கிட்டுப் போற குரங்கைப் பத்திப் பேசப்போறதில்லை. கல்லுலயும் வெண்கலத்துலயும் குகைச் சுவர்லயும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல உக்காந்திருக்கிற குரங்குகளைப் பத்திப் பேசப்போறோம்.

சிற்பம்னா எனக்கு ரொம்ப நாள் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. கோயிலுக்குப் போவோம், "சூப்பரா இருக்குல்ல"ன்னு ஒரு போட்டோ எடுப்போம், வெளிய வந்து பஜ்ஜி சாப்பிடுவோம். எதைப் பார்க்கணும்னு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதை மாத்தினது ஒரு குரங்கு. அந்தக் குரங்கு ஒரு கணக்கு போட்டுச்சு, கணக்கு தப்பாப் போச்சு. நான் கோட் எழுதிச் சம்பாதிக்கிற ஆளுங்கறதால அந்த இடத்துல மாட்டிக்கிட்டேன்.

ஒரு பழைய பக் ரிப்போர்ட்

ஜாதகக் கதைகள்னு கேள்விப்பட்டிருப்பீங்க. புத்தர் தன்னோட முந்தைய பிறவிகள்ல என்னென்னவா பிறந்தார்னு சொல்ற கதைகள். பாலி மொழித் தொகுப்புல மொத்தம் 547 கதைகள் இருக்கு. அதுல 407-வது கதை மகாகபி ஜாதகம். மகாகபின்னா பெரிய குரங்கு.

கங்கைக் கரையில ஒரு மாமரம். அதுல 80,000 குரங்குகள். அதுங்களுக்கு ஒரு அரசன். மரத்தோட ஒரு கிளை ஆத்துக்கு மேல நீட்டிட்டு இருக்கு. அந்தக் கிளைப் பழம் தண்ணியில விழுந்து மிதந்து போனா, மனுஷங்க தேடிட்டு வந்துடுவாங்கன்னு அரசனுக்குத் தெரியும். அதனால அந்தக் கிளையில ஒரு காய்கூட விடாம முன்னாடியே பறிச்சுடச் சொல்றார். எல்லாம் பறிச்சாச்சு. ஆனா எறும்புக் கூட்டுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்த ஒண்ணே ஒண்ணு தப்பிச்சுடுது. பழுத்து விழுது, மிதந்து போகுது, காசி ராஜா பிரம்மதத்தன் கைக்குப் போய்ச் சேருது. டெஸ்டிங்ல சிக்காத அந்த ஒரு கேஸ்தான் எப்பவும் புரொடக்ஷன்ல வெடிக்கும், தெரியும்ல?

ராஜா ருசி பார்த்துட்டு, ஆத்தோட எதிர்த்திசையிலயே படையோட வந்துடறார். ராத்திரி குரங்குகள் மரத்துல பழம் தின்ன வர்றதைப் பார்க்கறார். வில்லாளிகளை விட்டு மரத்தைச் சுத்தி வளைக்கச் சொல்றார். காலையில எல்லாத்தையும் அடிக்கறதுன்னு முடிவு.

குரங்கு அரசன் என்ன பண்றார்னா, ஒரே தாவுல அக்கரைக்குப் போறார். அங்க ஒரு நீளமான மூங்கிலை வெட்டறார். இவ்வளவு நீளம் அந்தப் பக்கத்து மரத்துல கட்ட, இவ்வளவு நீளம் ஆத்துக்கு மேல அந்தரத்துலன்னு அளக்கறார். ஒரு முனையை மரத்துல கட்டி, இன்னொரு முனையை இடுப்புல கட்டிக்கிட்டுத் திரும்பத் தாவறார். எட்டலை. ஏன்னா இடுப்பைச் சுத்திக் கட்டின நீளத்தைக் கணக்குல சேர்க்க மறந்துட்டார்.

இதை முதல்ல படிச்சப்போ சிரிச்சுட்டேன். நாங்க ஆஃப்-பை-ஒன் எரர்னு சொல்வோம்; எண்ணும்போது ஓரத்துல ஒண்ணை விட்டுடறது. அதோட அண்ணன் இது. கதையோட மூலத்துலயே, ஒளிவுமறைவில்லாம, அவர் மறந்துட்டார்னு எழுதி வெச்சிருக்காங்க. போதிசத்துவர்தான், ஆனா கணக்கு தப்பலாம்.

அப்புறம்தான் சிரிப்பு நின்னுது. எட்டாததால அவர் ரெண்டு கையாலயும் மாமரக் கிளையைப் பிடிச்சுத் தொங்கறார். குறைஞ்ச நீளத்துக்குத் தன் உடம்பையே போட்டுட்டார். 80,000 குரங்கும் அவர் முதுகு மேல ஏறி அக்கரைக்குப் போகுது. கடைசிக் குரங்கு, அவர்மேல பொறாமை உள்ளது, வேணும்னே உயரத்துல இருந்து முதுகுல குதிக்குது. இதயம் நொறுங்கிப்போகுது. கீழே இருந்து எல்லாத்தையும் பார்த்துட்டிருந்த ராஜா, அவரைப் பத்திரமா இறக்கி, தண்ணி கொடுத்து, இவங்க உனக்கு யாருன்னு கேட்கறார். என்னை நம்பி இருந்தவங்க, அவங்களைக் காப்பாத்தறது என் பொறுப்புங்கற மாதிரி பதில் சொல்லிட்டு இறந்துடறார். ராஜாவுக்கு நடத்தற மரியாதையோட அவருக்கு ஈமச்சடங்கு நடக்குது.

வட்டத்துக்குள்ள ஒரு முழுக் கதை

இந்தக் கதையை முதல்ல கல்லுல பார்க்கற இடம் பார்ஹூத். மத்தியப் பிரதேசம், சத்னா மாவட்டம். அங்க ஒரு புத்த ஸ்தூபி இருந்துது. அதைச் சுத்தி இருந்த கல்வேலியில செதுக்கின சிற்பங்கள் கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 1873-ல அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள, சுத்து வட்டார ஊர்க்காரங்க வீடு கட்டறதுக்குக் கல்லை எடுத்துட்டுப் போயிருந்தாங்க. மிஞ்சினதுல பெரும்பகுதி இப்போ கொல்கத்தா இந்தியன் மியூசியத்துல இருக்கு.

அந்த வேலித் தூண் ஒண்ணுல ஒரு வட்டச் சிற்பம். மேல ரெண்டு பக்கமும் மரம். நடுவுல குரங்கு அரசன் உடம்பை நீட்டி, பாலமா இருக்கார். அவர்மேல குரங்குகள் கடந்து போகுது. கீழே ரெண்டு பேர் ஒரு துணியை விரிச்சுப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. அதுக்கும் கீழே ராஜாவும் குரங்கு அரசனும் எதிரெதிரா உக்காந்து பேசிட்டிருக்காங்க.

முதல் தடவை பார்க்கறவங்களுக்கு இங்கதான் குழப்பம் வரும். தொங்கறது யாரு, உக்காந்திருக்கறது யாரு? ரெண்டும் ஒரே ஆள்தான். பழைய இந்தியச் சிற்பத்துல ஒரே சட்டகத்துக்குள்ள ஒரே ஆள் ரெண்டு, மூணு தடவை வருவார். நாம வீடியோ பார்த்துப் பழகினவங்க, ஒரு படம்னா ஒரு நொடின்னு நினைக்கறோம். அவங்களுக்கு ஒரு படம்னா ஒரு முழு லாக் ஃபைல். எந்த வரிசையில படிக்கணும்னு பார்க்கறவருக்கு ஏற்கெனவே தெரியும், ஏன்னா கதை தெரியும்.

அந்தத் துணி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலிக் கதையில ராஜா தெப்பம் கட்டி, மேல மேடை போட்டுத்தான் அவரை இறக்கறார். ஆரியசூரர் பிற்காலத்துல சமஸ்கிருதத்துல எழுதின ஜாதகமாலையில கீழே துணியை விரிச்சுப் பிடிக்கறாங்க. பார்ஹூத் சிற்பி அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே துணியைச் செதுக்கிட்டார். அப்போ ஊர் வாயில ஒரே கதை பல வெர்ஷன்ல சுத்திட்டு இருந்திருக்கு. சிற்பி தனக்குத் தெரிஞ்ச வெர்ஷனைக் கல்லுல ஏத்திட்டார்.

இந்த ஒரே சட்டகத்துல பலமுறை காட்டற உத்தி எவ்வளவு நாள் ஓடுச்சு தெரியுமா? 1649-லிருந்து 1653 வரைக்கும் மேவார் ராணா ஜகத் சிங்குக்காக வரைஞ்ச ராமாயண ஓவியங்கள்ல, சாஹிப்தீன்ங்கற ஓவியர் அதே உத்தியைத்தான் பயன்படுத்தறார். ஒரே பக்கத்துல அதே ஆள், வேற வேற இடத்துல. அந்தச் சுவடியோட பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. டிஜிட்டலா வந்துடுச்சு, வீட்ல இருந்தே பார்க்கலாம்.

கையைப் பாருங்க

சரி, இப்போ இன்னிக்கு எபிசோடோட முக்கியமான விஷயம். குரங்கு சிற்பம் எங்க பார்த்தாலும் முகத்தை விட்டுட்டு முதல்ல கையைப் பாருங்க. இது எந்தப் புத்தகமும் சொன்ன விதி இல்லை, நானா பார்த்துப் பார்த்துப் பிடிச்சது. ஆனா நல்லா வேலை செய்யுது.

யோசிச்சுப் பாருங்களேன். சிங்கத்துக்கு நகம், யானைக்குத் தும்பிக்கை, மாட்டுக்குக் கொம்பு. குரங்குக்கு மட்டும் நமக்கு இருக்கிற அதே கை. பிடிக்கும், கொடுக்கும், பிடுங்கும், தடவிக் கொடுக்கும். அதனால சிற்பி குரங்குக்கு என்ன குணம் கொடுக்க நினைச்சாலும் அதைக் கையில கொண்டுவந்து வைக்கறார். மகாகபியோட கை கிளையை விடலை. கதையோட பாரம் மொத்தமும் அந்தப் பிடியிலதான் தொங்குது.

அதே பார்ஹூத் வேலியில வேற குரங்குகளும் இருக்கு. அதுங்க கை வேற வேலை பார்க்குது. ஒரு வட்டத்துல குரங்குக் கும்பல் ஒரு யானையைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போகுது. கூடவே மேளம், சங்கு. இன்னொண்ணுல பூதம் மாதிரி ஒரு பெரிய ஆள் முக்காலியில உக்காந்திருக்கான். அவன் முகத்துல ஒரு ராட்சசக் குறடு. குறடுல கட்டின கயிறை யானை இழுக்குது. சுத்தி நிக்கற குரங்குகள் யானையை உசுப்பேத்துதுங்க, வாத்தியம் வாசிக்குதுங்க. பிடுங்கறது பல்லையா, மூக்கு முடியையான்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போடறாங்க. எதுவா இருந்தாலும் வலிக்கும்.

புத்தரோட நினைவா எழுப்பின ஸ்தூபியில இந்த மாதிரி ஒரு காமெடிக்கு இடம் இருந்திருக்கு. ஒரு தூண்ல தியாகம், இன்னொரு தூண்ல கலாட்டா. ரெண்டையும் பார்த்துக்கிட்டேதான் ஜனங்க வலம் வந்திருக்காங்க.

கிண்ணத்தோட வந்த குரங்கு

பார்ஹூத்துக்கு அடுத்து சாஞ்சி. அதுவும் மத்தியப் பிரதேசம்தான், விதிசாவுக்குப் பக்கத்துல. அங்க பெரிய ஸ்தூபியோட மேற்கு வாசல்ல மகாகபி திரும்ப வர்றார். ஆனா காட்சி மாறிடுச்சு. இங்க கங்கை மேலிருந்து கீழே ஓடுது. ராஜா குதிரை மேல, கூடப் படை, வில்லைப் பிடிச்ச வீரன். மேல குறுக்கே குரங்கு அரசன். கீழே அதே உரையாடல். பார்ஹூத்ல நம்ம கண்ணு குரங்கு மேலயே நின்னுது. சாஞ்சியில கூட்டத்துக்கு நடுவுல அவரைத் தேட வேண்டியிருக்கு.

வடக்கு வாசல்ல இன்னொரு குரங்கு. வைசாலியில ஒரு குரங்கு புத்தருக்குத் தேன் கொடுத்ததுன்னு ஒரு கதை. அந்தக் காலத்துல புத்தரை மனுஷ உருவத்துல செதுக்க மாட்டாங்க. மரமும் ஆசனமும் இருந்தா அங்க புத்தர் இருக்கார்னு அர்த்தம். அந்த மரத்து முன்னாடி குரங்கு கையில கிண்ணத்தோட நிக்குது. பக்கத்துலயே அதே குரங்கு மறுபடியும், இப்போ கிண்ணம் இல்லாம, சந்தோஷத்துல. கொடுக்கறதுக்கு முன்னாடி, கொடுத்ததுக்கு அப்புறம். நடுவுல என்ன நடந்துதுன்னு கை காலியானதை வெச்சே புரிஞ்சுக்கணும். மனுஷங்க உருவம் வராத புத்தருக்கு முன்னாடி, முழு உருவத்தோட நிக்கறது ஒரு குரங்குங்கறதைக் கவனிச்சீங்களா?

இவ்வளவு நுணுக்கமான விரல் வேலை எப்படி வந்துதுன்னா, அதுக்குச் சாஞ்சியிலயே ஒரு துப்பு இருக்கு. தெற்கு வாசல்ல ஒரு கல்வெட்டு, விதிசாவைச் சேர்ந்த தந்த வேலைக்காரங்க இந்தச் செதுக்கு வேலையைச் செஞ்சாங்கன்னு சொல்லுது. உள்ளங்கை அளவு யானைத் தந்தத்துல வேலை செஞ்ச உளி, இங்க கல்லுக்கு மாறியிருக்கு.

அந்தத் தேன் குரங்கு பல நூற்றாண்டு கழிச்சு, பீகார், வங்காளப் பகுதியில பால அரசர்கள் காலத்துச் சிற்பங்கள்லயும் வருது. புத்தர் வாழ்க்கையோட 8 முக்கிய நிகழ்ச்சிகள்ல ஒண்ணா அதைச் சேர்த்துட்டாங்க. தேன் கொடுத்த சந்தோஷத்துல குதிச்சு, கிணத்துல விழுந்து செத்து, சொர்க்கத்துக்குப் போச்சுன்னு கதை. சில சிற்பங்கள்ல கிணத்துக்கு மேல ரெண்டு கால் மட்டும் நீட்டிட்டு இருக்கும். பார்த்தா சிரிப்பு வரும், ஆனா அது ஒரு முக்தி.

டெஸ்ட் பண்ண குரங்குக்கு என்ன ஆச்சு

அஜந்தா 17-ஆம் குகை. 5-ஆம் நூற்றாண்டு, வாகாடக அரசன் ஹரிசேனன் காலம். இங்க மகாகபி ஓவியமா வர்றார். அதோட மகாகபின்னு பேர் உள்ள இன்னொரு கதையும் இருக்கு.

ஒரு ஆள் காட்டுல வழி தவறி ஒரு பள்ளத்துல விழுந்துடறான். ஒரு குரங்கு அவனைக் காப்பாத்த வருது. உடனே தூக்கிடலை. முதல்ல அவன் எடைக்கு ஒரு கல்லை முதுகுல சுமந்து ஏறிப் பார்த்துப் பழகுது. பக்காவான லோடு டெஸ்ட்! அப்புறம்தான் அவனைத் தூக்கிட்டு வருது. களைச்சுப்போய்த் தூங்கிடுது. காப்பாத்தப்பட்டவன் பசிக்கு அதையே தின்னலாம்னு, ஒரு கல்லை எடுத்து அதோட தலையில போடறான். அடிபட்ட குரங்கு அப்பவும் அவனை விட்டுட்டுப் போகலை, காட்டை விட்டு வெளிய போக வழி காட்டுது.

ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு குரங்கு கணக்கை மறந்துது. இன்னொரு குரங்கு கணக்கைச் சரியாப் போட்டுது. ரெண்டுக்கும் அடி விழுந்துது. சரியாச் செஞ்சா நல்லது நடக்கும்னு இந்தக் கதைகள் எங்கயும் உறுதி கொடுக்கறதில்லை. குழந்தைகளுக்கான நீதிக்கதைன்னு நாம நினைச்சுட்டிருக்கிற விஷயம், உண்மையில பெரியவங்களுக்கானது.

மாமல்லபுரத்துக் குடும்பம்

இப்போ நம்ம பக்கம். சென்னையில இருந்து ஈ.சி.ஆர். வழியா எத்தனை தடவை மாமல்லபுரம் போயிருப்போம்! அர்ஜுனன் தபசு பார்த்திருப்பீங்க. சுமார் 30 மீட்டர் நீளத்துக்குப் பாறை, யானை, நாகர்கள், தவம் பண்ற பூனை. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அதுக்குப் பக்கத்துல தனிக் கல்லுல ஒரு குரங்குக் குடும்பம் இருக்கு. நான் அதைக் கடந்து போயிருக்கேன். டீம் அவுட்டிங்ல அது முன்னாடி நின்னு போட்டோவும் எடுத்திருக்கேன். பார்க்கலை.

பெண் குரங்கு மடியில குட்டி பால் குடிக்குது. பின்னாடி உக்காந்திருக்கிற ஆண் அதுக்குப் பேன் பார்க்குது. அவ்வளவுதான். இதுல கதை இல்லை, புத்தர் இல்லை, ராமர் இல்லை. யாரும் தியாகம் பண்ணலை.

சிற்பியோட கண்ணு எவ்வளவு நேரம் குரங்குகளைப் பார்த்துட்டு உக்காந்திருந்தா இது வரும்? பேன் பார்க்கறதுன்னு நாம சொல்றது, உண்மையில குரங்குக் கூட்டத்தோட உறவுமுறை. யாருக்கு யார் ரோமத்தைக் கோதி விடறாங்கங்கறதை வெச்சுத்தான் யார் யார் பக்கம்னு தெரியும். பதட்டம் குறையும், சண்டை தீரும். குரங்குகளை ஆராயறவங்க இன்னிக்கு மணிக்கணக்கா உக்காந்து குறிப்பெடுக்கறது இதைத்தான். அந்தச் சிற்பி அந்த ஒரு செயலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கார்.

தமிழ்ல இந்தக் கவனிப்பு புதுசும் இல்லை. தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு பகுதி இருக்கு. ஆணுக்குக் கடுவன், பெண்ணுக்கு மந்தி. குரங்கு, முசு, ஊகம்னு வகை வகையாப் பேர். நமக்கு இன்னிக்கு எல்லாமே "குரங்கு"தான்.

போற போக்குல பேலூரையும் சொல்லிடறேன். கர்நாடகத்துல 1117-ல உருவான சென்னகேசவர் கோயில். அங்க தூண் மேல நிக்கற மதனிகைச் சிற்பங்கள்ல ஒருத்தியோட சேலையை ஒரு குரங்கு பிடிச்சு இழுக்குது. அது கையோட குறும்பு. குரங்குகிட்ட தியாகம் மட்டும் எதிர்பார்க்காதீங்கன்னு சிற்பி நமக்கு ஞாபகப்படுத்தற மாதிரி இருக்கும்.

வாய் பொத்தின கை, ஓங்கின கை

கடைசியா அனுமன். இவரைத் தனியா நிறுத்தி வழிபடற பழக்கம், ராமாயணம் அளவுக்குப் பழசு இல்லை. கஜுராஹோவுல ஒரு பெரிய அனுமன் சிலை இருக்கு. அதோட பீடத்துல உள்ள கல்வெட்டோட ஆண்டு, நம்ம கணக்குல கி.பி. 922. தேதி தெரிஞ்ச அனுமன் சிலைகள்ல ரொம்பப் பழசு அது.

கிட்டத்தட்ட அதே காலகட்டத்துல, சோழ நாட்டுல வெண்கலத்துல ராமர் குழு வார்க்கறாங்க. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல வடக்குப்பனையூர் ராமர் குழுன்னு ஒண்ணு இருக்கு. ராமர், சீதை, லட்சுமணன், அனுமன். மூணு பேர் நிமிர்ந்து நிக்க, அனுமன் மட்டும் சற்றே குனிஞ்சு, ஒரு கையால வாயைப் பொத்திட்டு நிக்கறார். சிற்ப நூல்களும் அனுமனை இப்படித்தான் வடிக்கச் சொல்லுது. பெரியவங்ககிட்ட பேசும்போது மூச்சும் எச்சிலும் மேல படக்கூடாதுன்னு கையை வாய்கிட்ட வைக்கற மரியாதை.

இதைப் பார்த்தப்போ எனக்கு ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல தோணுச்சு. ஒண்ணு, எவ்வளவு அழகு. கடலைத் தாண்டின ஆள், மலையைத் தூக்கின ஆள். அந்தக் கை இப்போ தன் வாய் மேல அமைதியா இருக்கு. ரெண்டாவது, இந்தக் கையை வேற இடத்துலயும் கேள்விப்பட்டிருக்கேனே. பண்ணையார் முன்னாடி துண்டை அக்குள்ல இடுக்கி, வாயைப் பொத்தி நின்னவங்க கதையை எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்க அன்பால அப்படி நிக்கலை. நிக்க வெச்சாங்க. அதே சைகை, ஒரு இடத்துல பக்தி, இன்னொரு இடத்துல அவமானம். சிலையோட அழகு அதனால குறைஞ்சுடலை. ஆனா இனிமே ரெண்டையும் சேர்த்துத்தான் என்னால பார்க்க முடியும்.

இன்னும் சில நூற்றாண்டு கழிச்சு ஹம்பிக்குப் போங்க. விஜயநகரத் தலைநகரம். அந்த வட்டாரமே கிஷ்கிந்தைன்னு நம்பிக்கை; எதிர்க்கரையில ஆஞ்சனாத்திரி மலை இருக்கு. அங்க ஹசார ராமர் கோயில் சுவர்ல, 15-ஆம் நூற்றாண்டுல, ராமாயணம் வரிசை வரிசையா ஓடுது. ஆனா பாறைகள்ல தனியாச் செதுக்கின அனுமன்களைப் பாருங்க. பக்கவாட்டுத் தோற்றம், முன்னாடி எடுத்து வெச்ச கால், தலைக்கு மேல சுருண்டு வர்ற வால், பல சிலைகள்ல வால் நுனியில ஒரு மணி. கை வாயை விட்டு இறங்கி, மேல ஓங்கியாச்சு. வீர ஆஞ்சநேயர். வியாசராயர்ங்கற மத்வ குரு இப்படி 732 அனுமன் சிலைகளை நிறுவினார்னு மரபு சொல்லுது. இன்னிக்குத் தெலுங்கு, கன்னட, தமிழ் ஊர்கள்ல தெருமுனையில நீங்க பார்க்கற ஆஞ்சநேயர்ல நிறைய பேர் இந்த ஓங்கின கைக்காரர்தான்.

பார்ஹூத்ல கிளையைப் பிடிச்ச கை, சாஞ்சியில தேன் கொடுத்த கை, மாமல்லபுரத்துல பேன் பார்த்த கை, சோழ வெண்கலத்துல வாயைப் பொத்தின கை, ஹம்பியில ஓங்கின கை. குரங்கு மாறலை. அது என்னவா இருக்கணும்னு ஒவ்வொரு காலத்துலயும் ஜனங்க எதிர்பார்த்தது மாறியிருக்கு. இந்தப் பட்டியல்ல என் மனசுல ரொம்ப நிக்கறது முதல் கைதான். ஏன்னு சொல்லி முடிச்சுடறேன்.

என் கணக்கு

என் முதல் வேலை. பேர் வேண்டாம். நான் எழுதின ஒரு பில்லிங் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு தொகுப்புலயும் கடைசி ரெக்கார்டை விட்டுட்டு ஓடுச்சு. அதேதான், ஓரத்துல ஒண்ணு. ராத்திரி பதினோரு மணிக்குத் தெரிஞ்சுது. கிளையண்ட் கால்ல எங்க டீம் லீடு அக்கா உக்காந்தாங்க. விடியற வரைக்கும் உக்காந்தாங்க. "எங்க டீமோட தப்பு, நாங்க சரி பண்றோம்"னுதான் சொல்லிட்டே இருந்தாங்க. ஒரு தடவைகூட என் பேர் வரலை.

காலையில கேன்டீன்ல கேட்டேன். "ஏன்க்கா என் பேரைச் சொல்லலை?"

"உன் பேரைச் சொன்னா அவங்க டேட்டா சரியாயிடுமா? போய்த் தூங்குடா. சாயங்காலம் வந்து டெஸ்ட் எழுது."

அன்னிக்கு எனக்கு அது பெருசாத் தெரியலை, தப்பிச்சோம்னுதான் இருந்துது. அடுத்த அப்ரைசல்ல அந்த இன்சிடென்ட் அவங்க கணக்குல ஏறியிருந்துதுன்னு ரொம்ப நாள் கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். முதுகு மேல ஏறிப் போனவன் நான். திரும்பிப் பார்க்கலை.

போன வருஷம் கொல்கத்தாவுல அந்தப் பார்ஹூத் வட்டம் முன்னாடி நின்னப்போ, சிவப்புக் கல்லுல, நான் நினைச்சதை விடச் சின்னதா, அவர் தொங்கிட்டு இருந்தார். அங்கயிருந்தே அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். கூட ரெண்டு வரி எழுதினேன், அன்னிக்குச் சொல்ல வேண்டியதை. "இது என்னடா குரங்கு போட்டோ?"ன்னு பதில் வந்துது. கதையைப் போன்ல சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அந்தக் கடைசிக் குரங்கு நீ இல்லல்ல?"ன்னு கேட்டாங்க. சிரிச்சோம்.

சரி மக்களே, இந்த வார ஹோம்வொர்க். சென்னையில இருக்கிறவங்க எழும்பூர் மியூசியம் வெண்கலக் கூடத்துக்குப் போய் அந்த அனுமனை ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. மாமல்லபுரம் போறவங்க குரங்குக் குடும்பத்துமேல ஏறாம, தொடாம, பக்கத்துல போய்ப் பாருங்க. வேற ஊர்ல இருக்கிறவங்க உங்க ஊர்க் கோயில் தூண்கள்ல தேடுங்க, ஒரு குரங்காவது கண்டிப்பா இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பும்போது அது கையில என்ன பண்ணிட்டிருக்குன்னும் ஒரு வரி எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.